கோயில் குளிசையும் ஒன்றரை வருடமும்

வைத்தியர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பேனையின் மூடியால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார்.

"இங்கே ஒன்றுமில்லை. இங்கேயும் இல்லை. இந்த இரண்டு வாரமும் ஒன்றுமே இல்லை."

பிறகு தலையை நிமிர்த்திச் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. பரீட்சையில் எதிர்பார்த்ததைவிட நாலு புள்ளி கூட எடுத்த பிள்ளையைப் பார்க்கிற சிரிப்பு. "நல்ல வாரங்களும் இருக்கின்றனவே," என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குப் பக்கத்தில் வத்சலா மச்சாள், என் அண்ணையின் மனைவி, கதிரையின் விளிம்பில் இருந்தார். கதிரை பழுதாகிவிடக்கூடாது என்று தன் கறுப்புக் கோட்டை நாலாக மடித்து, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையையும் விரித்து, அதன் மேல்தான் இருந்தார். அன்று காலை மனோர் பார்க்கிலிருந்து வந்த பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. முழுத் தூரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். அவரைப் பார்த்துத்தான் நல்ல வாரங்கள் என்றார் அந்த மனிதர்.

அந்தத் தாளை நானும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வைத்தியசாலை தபாலில் அனுப்பிய மூன்று மாத அட்டவணை. ஒரு நாளைக்கு ஒரு கட்டம். எத்தனை தடவை மாதவிடாய் பாட் மாற்றினீர்கள், இரத்தம் கட்டி கட்டியாகப் போனதா, வேலைக்குப் போக முடிந்ததா. மச்சாள் ஊரில் கணக்கு ரீச்சர். நிரப்பிய கட்டங்கள் எல்லாம் அச்சடித்தது போல இருந்தன.

நிரப்பாத கட்டங்களின் திகதிகளைப் பார்த்தேன்.

முதலாவது வெறுமை, கோயில் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை. இரண்டாவது, மச்சாளின் ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணம். மூன்றாவது, தெரிந்த ஒருவர் வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்தியச் சடங்கு.

அந்த வெறுமைகளை உண்டாக்கியவள் நான்.

நான் கொடுத்த குளிசை

இருபத்தெட்டு வயதில் என்ன நினைவுக் குறிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று சட்டனிலிருந்து இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் போன கிழமை எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஐயா. எழுபது வயது வரை பொறுத்திருந்து எழுதினால் கோபம் ஆறிவிடும். ஆறவிட எனக்கு விருப்பமில்லை. (இந்தக் கிழமை எழுத்தில் வருகிற என் ஆட்கள் எல்லாரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மருந்தாளர். அப்டன் பார்க்கில் ஒரு பக்கம் சேலைக்கடை, மறு பக்கம் மீன்கடை, நடுவில் எங்கள் பாமசி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தேன். இரத்த அழுத்தம் பார்க்க மேசை போட்டேன். நீரிழிவு பற்றித் தமிழில் துண்டுப்பிரசுரம் அடித்து எல்லாருடைய பைக்குள்ளும் திணித்தேன். ஒரு வயதான ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, சோத்தைக் குறை எண்டு சொல்லுறதுக்கு நாலு பக்கமோ?" என்று கேட்டார்.

அந்த உற்சாகத்தில்தான் கோயில் குளிசையையும் தொடங்கினேன்.

பெயர் நான் வைத்ததல்ல. மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற குளிசை அது. பெட்டியில் உள்ள பெயரை எங்கள் பெண்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திருவிழா நெருங்கும்போது கவுண்டருக்கு வருவார்கள். பக்கத்தில் ஆம்பிளைகள் நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, அந்தக் கோயில் குளிசை" என்பார்கள். துடக்கோடு, அதாவது மாதவிடாய்த் தீட்டோடு, கோயிலுக்குள் போகக்கூடாது. நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது. அது சரியா பிழையா என்று வாதாட நான் கவுண்டரில் நிற்கவில்லை. முந்தி வைத்தியரிடம் சீட்டு எழுதுவிக்க இரண்டு மூன்று கிழமை அலைந்தவர்கள், இப்போது பாமசியிலேயே ஒரு படிவத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். எல்லாம் ஒழுங்குப்படி. பெண்களுக்கு உதவுகிறேன் என்று நம்பினேன். இன்னும் ஓரளவு நம்புகிறேன்.

மச்சாளுக்கும் கொடுத்தேன். அட்டவணை ஓடிய அந்த மூன்று மாதத்தில் மூன்று தடவை.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான இரத்தப்போக்கு உண்டா? மற்ற எல்லாரிடமும் கேட்பேன். மச்சாளிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாதா என்று நானே 'இல்லை' என்பதில் அடையாளம் போட்டேன்.

எனக்குத் தெரியவில்லை. மாதத்தில் பாதி நாள் இரத்தம் போவது தெரியவில்லை. கருப்பையில் கட்டிகள் இருப்பதை ஸ்கானில் கண்டதும், அட்டவணை வந்ததும் தெரியவில்லை. அண்ணைக்கும் பாதிதான் தெரியும். மச்சாள் வேலை செய்கிற பேக்கரியில் ஒரு நாள் காலை ஷிப்டில், பாண் தட்டை வெளியே இழுத்த கையோடு மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன்.

சொல்லாமல் விட்ட ஒரு வசனம்

திரும்ப அந்த அறைக்கு வருகிறேன்.

"ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்றார் வைத்தியர்.

ஒரே ஒரு வசனம் போதும். அந்த வாரங்களில் இவர் குளிசை போட்டு நிறுத்தியிருந்தார், அவற்றை நல்ல வாரங்கள் என்று எண்ணாதீர்கள். நான் படித்தவள். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பள்ளிக்கூடத்துக்கே கிண்ணம் வாங்கிக் கொடுத்தவள். வசனம் நாக்கு நுனியில் நின்றது.

ஆனால் ஏன் குளிசை போட்டார் என்று அடுத்த கேள்வி வரும். கோயில் என்று சொல்ல வேண்டும். துடக்கு என்பதை விளக்க வேண்டும். அப்போது அந்த மனிதரின் முகத்தில் ஒரு பார்வை வரும். பள்ளிக்கூடத்தில் என் நெற்றித் திருநீற்றைப் பற்றிக் கேட்ட நாள் முதல் எனக்கு அந்தப் பார்வை பழக்கம். பாதி இரக்கம், பாதி வேடிக்கை. அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

வெளியே நடைபாதையில் வந்து கேட்டேன். "ஏன் மச்சாள் குளிசை விசயம் சொல்லேல்லை?"

"நீ ஏன் சொல்லேல்லை? இங்கிலீஷ் நீதானே படிச்சனி."

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

"கோயில் விசயத்தை அந்த மனுசனிட்ட என்னெண்டு சொல்லுறது? பிறகு என்னைப் பாத்து, ஐயோ பாவம், உன்ர ஆக்கள் உன்னை உள்ளுக்கு விடமாட்டினமோ எண்டு கேப்பான். எனக்கு வருத்தத்துக்கு மருந்து வேணும், தாரணி. அவன்ர பாவம் வேண்டாம்."

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இரத்தப்போக்கு இடைக்கிடைதான். நோயாளி சமாளிக்கிறார். சத்திரசிகிச்சைக்குச் சாதாரண வரிசை. குழந்தை பற்றிய விருப்பம்: குறிப்பிடவில்லை.

மச்சாள் கடிதத்தை மேசையில் வைத்து நேராக்கினார். "சமாளிக்கிறன் எண்டு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. குழந்தை வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவுமில்லை. கலியாணம் முடித்து எட்டு வருடம். அதில் நாலு வருடம் விசாவுக்காக அவர் அங்கேயும் அண்ணை இங்கேயுமாகப் போனது. மிச்ச நாலு வருடமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எம்மா ரயிலில் நிரப்பியது

எங்கள் பாமசியில் என்னோடு வேலை செய்கிறவள் எம்மா. வெள்ளைக்காரி, எசெக்ஸில் பிறந்தவள், என் வயதுக்குப் பத்து வயது கூட. மச்சாளுக்கு வந்த அதே கட்டிதான் அவளுக்கும் வந்தது. அதே வைத்தியசாலை, அதே கிளினிக், அதே அட்டவணை. நாலு மாதத்தில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. கீஹோல்: வயிற்றில் விரல் நுனியளவு சில துளைகள். மூன்றாம் கிழமை கவுண்டருக்கு வந்து, மருந்துப் பெட்டி தூக்காதே என்று நான் கத்தக் கத்தத் தூக்கினாள்.

மச்சாளின் கடிதத்தை அவளிடம் காட்டினேன். குளிசை கதையையும் சொன்னேன். எல்லாம் என் பிழை, அட்டவணை சரியாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அழாத குறையாகச் சொன்னேன்.

எம்மா கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தாள். பிறகு சொன்னாள்: "என் அட்டவணையைத் தொலைத்துவிட்டேன், தாரணி. கிளினிக்குக்குப் போகிற அன்று காலை ரயிலில் இருந்துதான் புதுத் தாளில் நிரப்பினேன். எல்லாம் ஒரு குத்துமதிப்பு. கடைசி மாதம் முழுக்கச் சும்மா எழுதினது."

"டொக்டர் ஒண்டும் கேக்கேல்லையா?" தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கேட்டார். வேலைக்குப் போக முடிகிறதா என்று கேட்டார். குழந்தை பெறுகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். உங்களை இப்படி விட்டுவைக்க முடியாது என்றார்."

ரயிலில் குத்துமதிப்பாக எழுதியதை நம்பினார்கள். மச்சாள் எழுதியதில், எழுதாத இடத்தை மட்டும் நம்பினார்கள்.

வரிசை

வரிசை என்றால் என்னவென்று சொல்கிறேன். வீட்டில் துவாய் எல்லாம் கறுப்பாக மாறுவதுதான் வரிசை. இரும்புச்சத்துக் குளிசையில் வயிறு கல்லாகிப்போவது. சோபா உள்ள வீடுகளுக்கு மச்சாள் போகாமல் விடுவது. ஈமோகுளோபின் இறங்கி, இரண்டு தடவை இரவல் இரத்தம் ஏற்றுவது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தாதி, "வலி எப்படி, வேறு மருந்து தரட்டுமா?" என்று மூன்று முறை வந்து கேட்டுவிட்டு, மச்சாளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவது.

மாதம் ஒருமுறை வரிசை எங்கே நிற்கிறது என்று போன் எடுத்துக் கேட்பேன். "லிஸ்டில் இருக்கிறீர்கள்" என்பார்கள்.

"விசா லிஸ்டிலயும் இப்பிடித்தான் நாலு வருசம் இருந்தனான்," என்றார் மச்சாள் ஒரு நாள். "அதில கடைசியா விசா எண்டாலும் வந்தது."

அண்ணை சிரித்தான். பிறகு எழுந்து போய்க் குசினிக்குள் நின்றான். கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இப்படி ஒன்றரை வருடம்.

இரண்டாவது அறை

இந்த முறை வேறு வைத்தியர். ஸ்கானைப் பார்த்தார். கட்டிகள் வளர்ந்து, கருப்பை ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்கு வந்துவிட்டது. கீஹோல் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார். திறக்கிறபோது கருப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்றார். பழைய கதிரையை மாற்றச் சொல்கிற குரலில் சொன்னார்.

மச்சாள் அன்று காலை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு ஆங்கில வசனத்தைப் பாடமாக்கியிருந்தார். அதைச் சொன்னார். "எனக்குக் குழந்தை வேண்டும்."

வைத்தியர் கோப்பைப் புரட்டினார். "அப்படி இங்கே குறிப்பிடவில்லையே."

"நீங்கள் கேட்கவில்லை," என்றார் மச்சாள். அந்த வசனம் பாடமாக்கியது அல்ல.

"உங்களுக்கு முப்பத்தேழு வயது..." என்று தொடங்கியவர் முடிக்காமல் விட்டார். முடிக்கத் தேவையில்லை என்று நினைத்தார் போல.

இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கோயிலைச் சொன்னேன். குளிசையைச் சொன்னேன். கொடுத்தது நான்தான், கேள்வி கேட்காமல் கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். முதல் அட்டவணையில் உள்ள வெறுமை பொய், அதை வைத்து இவரைப் பின்னுக்குத் தள்ளியது பிழை என்றேன். கடைசி வரை சொன்னேன்.

வைத்தியர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, "கலாசார ரீதியில் இது மிகவும் சுவாரசியமானது," என்றார்.

சுவாரசியம்! என் மச்சாளின் கருப்பை போகப்போகிறது. அவருக்கு அது சுவாரசியம்.

பிறகு வந்த கடிதத்தில் ஒரு புது வரி இருந்தது. கலாசாரக் காரணங்களால் நோயாளி தன் அறிகுறிகளைக் குறைத்துக் காட்டியுள்ளார்.

சொல்லாமல் விட்டபோது 'சமாளிக்கிறார்'. சொன்னபோது 'குறைத்துக் காட்டினார்'. இரண்டு தடவையும் பிழை மச்சாளுடையது. அட்டவணையில் 'ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா' என்று ஒரு வரி இல்லை. அது யாருடைய கலாசாரம்?

கிளாடிஸ் சிரித்தது

அந்தக் கடிதத்தோடு இரண்டு நாள் நான் நித்திரை கொள்ளவில்லை. என் குளிசை, என் மௌனம், எங்கள் துடக்கு, எங்கள் வெட்கம். சுற்றிச் சுற்றி எங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்கள் இனிமேல் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்ப வேண்டும், அதற்குத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டும் என்றுகூட யோசித்தேன்.

அந்தக் கிழமை கிளாடிஸ் தன் மாத மருந்துக்கு வந்தார். ஜமேக்காவில் பிறந்தவர். முப்பது வருடம் வார்டில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். துண்டுப்பிரசுர யோசனையையும் சொன்னேன்.

கிளாடிஸ் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மகளே, எனக்கும் அதே கட்டி. என் அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இல்லை. தாதியல்லவா, எத்தனை மில்லிலீட்டர் என்று அளந்து எழுதினேன். பிறந்த நாள் முதல் ஆங்கிலம் பேசுகிறேன். கீஹோல் செய்யுங்கள் என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் திடமான பெண், பெரிய வெட்டைத் தாங்குவீர்கள்."

மேல்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, தொப்புளுக்குக் கீழே தொடங்குகிற தழும்பின் மேல் நுனியைக் காட்டினார். கயிறு போலத் தடித்திருந்தது.

"துண்டுப்பிரசுரத்தை அந்த வைத்தியர்களுக்கு அடி," என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கவுண்டரில் நின்று பார்க்கத் தொடங்கினேன். நான் பார்த்தது ஆய்வு அல்ல, ஒரு கடையின் ஒரு மூலையிலிருந்து தெரிந்தது மட்டும். கருப்பைச் சத்திரசிகிச்சை முடித்த வெள்ளைக்காரப் பெண்கள் பெரும்பாலும் தாங்களே நடந்து வந்து மருந்து வாங்கினார்கள். எங்கள் பெண்களுக்கும் கறுப்புப் பெண்களுக்கும் பெரும்பாலும் புருசன்மார் வந்து வாங்கினார்கள். "அவ இன்னும் எழும்பேல்லை, தங்கச்சி. பெரிய வெட்டு."

எத்தனை வருடமாக இதைக் கேட்டிருக்கிறேன்! எங்கள் ஆட்களுக்கு ஆறக் கொஞ்சம் நாள் எடுக்கும் என்று நினைத்திருக்கிறேன். மருந்தாளராம் நான்.

"இருக்கோ?"

வேறு வைத்தியசாலைக்கு மாற்றிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. குடும்ப வைத்தியரிடம் நாலு தடவை போய் அந்த உரிமையை வாங்கினோம். இதை ஆரம்பத்திலேயே செய்யலாம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எம்மாவுக்குத் தெரிந்திருந்தது; எங்களுக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தாள்.

புது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண். முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டுமே கேட்டார். இரண்டாவது கேள்வியே குழந்தை. மச்சாள் 'ஓம்' என்றார், தமிழில். அவருக்கு விளங்கியது.

கீஹோல் இனி ஏலாது, வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் கட்டிகளை மட்டும் எடுத்துக் கருப்பையை விட முயல்வேன் என்றார். சத்திரசிகிச்சை நாளன்று ஒப்புதல் படிவம் வந்தது. 'தேவைப்பட்டால் கருப்பையை அகற்றுதல்' என்று ஒரு வரி. மச்சாள் பேனையை வைத்துவிட்டு அந்த வரியைக் காட்டினார். "ஆருக்குத் தேவைப்பட்டால் எண்டு கேள், தாரணி."

கேட்டேன். நிபுணர் படிவத்தை வாங்கி, 'உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்' என்று தன் கையால் எழுதினார். மச்சாள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணித்தியாலம். அண்ணை வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்துக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டேயிருந்தான்.

மயக்கம் தெளிந்து மச்சாள் கண் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"இருக்கோ?"

"இருக்கு மச்சாள்."

கண்ணை மூடினார். காதுப் பக்கமாகக் கண்ணீர் வழிந்தது.

பின்னேரம் நிபுணர் வந்தார். வெட்டு நீளம், ஆற மூன்று மாதம் எடுக்கும், குழந்தை வந்தால் அதற்கும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார். போகும்போது வாசலில் வைத்து என்னிடம், பழைய ஸ்கானையும் பார்த்தேன் என்றார். "கட்டி அந்த அளவில் இருந்தபோதே செய்திருந்தால் கீஹோல் போதுமாயிருந்திருக்கும்."

மச்சாளிடம் இதைச் சொல்லவா விடவா என்று ஒரு நாள் யோசித்தேன். ஏற்கனவே ஒருமுறை சொல்லாமல் விட்டவள். இந்த முறை சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். "பேப்பர் எடு," என்றார்.

நடந்தது

பழைய வைத்தியசாலைக்கு முறைப்பாடு எழுதினோம். எம்மா தன் கதையையும் சேர்க்கச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுத் தந்தாள். ரயிலில் நிரப்பியதையும் எழுதச் சொன்னாள். "வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுது."

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. அரைப் பக்கம். 'எங்கள் சேவையில் உங்களுக்கு இப்படி ஒரு உணர்வு ஏற்பட்டதற்காக வருந்துகிறோம். எல்லா நோயாளிகளும் எங்களிடம் சமமாகவே நடத்தப்படுகிறார்கள்.'

மச்சாள் மெதுவாக வாசித்தார். வயிற்றில் ஒரு கை.

"உணர்வு எண்டு எழுதியிருக்கினம்."

"ஓம் மச்சாள்."

"எனக்கு உணர்வு ஒண்டும் ஏற்படேல்லை. நடந்தது." கடிதத்தை மடித்தார். "வெளிக்கிடு."

"இப்பவோ? நீங்கள் இன்னும் நிமிந்து நடக்கேல்லை."

"குனிஞ்சு நடக்கிறன். வா."

முறைப்பாட்டு மேசையில் இருந்த பொடியன், கடிதத்தைப் பெட்டிக்குள் போடுங்கள், பதில் வரும் என்றான். மச்சாள் போடவில்லை. பதில் இதோ வந்திருக்கிறது, இதை எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார் தன் ஆங்கிலத்தில். அப்படி வழக்கமில்லை என்றான். நான் போகவில்லை என்றார். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒரு மூத்த அதிகாரி தடித்த கோப்போடு வந்து, எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கோப்பைத் திறந்து வாசித்தார். முதல் ஸ்கான். மயங்கி விழுந்த குறிப்பு. இரத்தம் ஏற்றிய திகதிகள். பக்கம் புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"உண்மையைச் சொன்னால், உங்களை முன்னுக்கு எடுத்திருக்க வேண்டும்," என்றார்.

"அதை எழுதித் தாருங்கள்," என்றார் மச்சாள்.

"அது... நான் பேச்சுக்குச் சொன்னது."

"எழுதித் தாருங்கள். யார் பின்னுக்குப் போட்டது, எந்தக் காரணத்தால், எந்தத் திகதியில்."

அதிகாரி என்னைப் பார்த்தார், நான் அவருக்கு உதவி செய்வேன் என்பது போல. நான் மச்சாளைப் பார்த்தேன்.

அதிகாரி கோப்பை மூடினார்.

மச்சாள் கையை நீட்டி, அதைத் திரும்பத் திறந்து வைத்தார்.